நாலேகால் சுற்று

கனிந்த கதலிப்பழத்தின் மணம் ஸம்ஸியாவுக்கு அந்தக் கிழமையோடு வெறுத்துப்போனது. அதுவரைக்கும் பின்வளவில் குலை பழுத்தால் முதல் சீப்பு அவளுக்குத்தான், மிச்சம்தான் வீட்டாருக்கு. இப்போது அந்த மணம் எந்தப் பக்கத்தால் வந்தாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு எழும்பிப் போனாள்.

காரணம் வாப்பா. மருதமுனையில் ஸமட் முதலாளி என்றால் தெரியாத ஆள் இல்லை. தறி போட்டுச் சாரன் நெய்வித்து, கல்முனைக் கடைத்தெருவுக்கு அனுப்புகிறவர். போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்த மனிதர், தொப்பியைக்கூடக் கழற்றாமல் குசினி வாசலில் வந்து நின்றார்.

"மகள், நல்லாக் கனிஞ்ச பழமா ரெண்டு சீப்பு உரிச்சுப் பிசைஞ்சு தாங்க. மாட்டுக்கு வயித்துக்குள்ள சரியில்ல."

மரக்காலையிலிருந்து ஒரு சின்னச் சாக்கில் மரத்தூளும் வந்திருந்தது. அதையும் சேர்த்துப் பிசையச் சொன்னார். மாடு மரத்தூள் தின்னுமா என்று ஸம்ஸியா கேட்டாள். வைத்தியர் சொன்ன மருந்து, கேள்வி கேட்காமல் பிசை என்றார். அவளும் மாட்டின் மேல் இரக்கப்பட்டு, மணிக்கட்டுக்கு மேலே கையை விட்டுப் பிசைந்து கொடுத்தாள்.

சட்டி மாட்டுக் கொட்டில் பக்கம் போகவே இல்லை. கார் நின்ற கொட்டிலுக்குப் போனது. சட்டியைத் திருப்பி எடுக்கப் போன ஸம்ஸியா, வேலி ஓலை நீக்கலுக்குள்ளால் பார்த்தாள். ஊருக்குப் புதுசான ஒருவன் காருக்கு அடியில் கிடந்து, பின் அச்சின் நடுவில் பூசணிக்காய் போல வீங்கியிருக்கிற இரும்புப் பெட்டியின் அடியில் உள்ள மூடியைத் திறந்து கொஞ்சம் ஒயிலை இறக்கி மூடிவிட்டு, ஒயில் ஊற்றும் ஓட்டையால் அவள் பிசைந்ததை விரலால் திணித்துக்கொண்டிருந்தான். வாப்பா பக்கத்தில் குந்தியிருந்தார்.

"இனி ஊளச் சத்தம் வராதே?"

"காவின் எழுதிக் கலியாணம் முடியும்வரைக்கும் வராது, முதலாளி," என்றான் அவன். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அந்தப் பெட்டிக்குப் பெயர் டிப்ரன்சியல். எஞ்சினின் சுற்றை வாங்கிப் பின் சில்லுகளுக்குக் கொடுக்கிற பல்லுச் சக்கரங்கள் அதற்குள்தான் இருக்கின்றன. காரோடு வந்த நல்ல டிப்ரன்சியல், இறக்காமத்திலிருந்து அளவுக்கு மிஞ்சி நெல்லு மூட்டை ஏற்றி வந்த ஒரு நாள் பல்லு உடைந்து செத்துப்போனது. வாப்பா புதுசு வாங்குகிற ஆளா? எங்கேயோ கோழி அடைத்து வைத்திருந்த, இதே இனத்தில் மூத்த ஒரு கிழட்டு மொரிஸ் மைனரிலிருந்து கழற்றிக்கொண்டு வந்து பூட்டினார். அது தேய்ந்து போன சாமான், ஓடினால் நாய் ஊளையிடும். பழமும் மரத்தூளும் அந்த ஊளையின் வாயை அடைக்கத்தான்.

அந்தக் கார்தான் ஸம்ஸியாவின் சீதனம்.

கார் மட்டும் இல்லை. அந்தப் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் கலியாணம் கிடையாது. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். மாப்பிள்ளை முனாப், கணக்குப் படிப்பிக்கிற வாத்தியார். அவருக்காகப் பேச்சு நடத்துகிறவர் அவருடைய தாய்மாமன் ஷரிபுதீன், சாய்ந்தமருதில் இரண்டு லொறி ஓட்டுகிறவர். வாய்ச் சொல்லை நம்பிக் காவின் எழுத மாட்டோம், வீட்டு உறுதியை முதலில் பெண்ணின் பேரில் எழுதிக் காட்டுங்கள் என்று ஷரிபுதீன் ஒற்றைக்காலில் நின்றார். வாப்பாவும் போன மாதம் பத்திரம் எழுதுகிற நொத்தாரிசிடம் போய், வீட்டையும் வளவையும் தெருவாசல் கடப்படி வரைக்கும் ஸம்ஸியாவின் பேரில் எழுதிவிட்டு வந்தார். வாப்பாவும் உம்மாவும் பின்வளவுச் சின்ன வீட்டுக்குப் போவதாக ஏற்பாடு.

வேலிக்குள்ளால் பார்த்ததை ஸம்ஸியா உம்மாவிடம் சொன்னாள். உம்மா முனவ்வறா வெற்றிலையை மடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வாயத் திறந்திராதீங்க மகள். உங்கட வாழ்க்கைக்குத்தானே வாப்பா இந்தப் பாடு படுறாரு."

"மறுகா அது ஊளையிடுமே உம்மா. அப்ப ஆருக்குப் பேச்சு விழும்?"

"மறுகா நடக்கிறத மறுகா பாப்பம்."

பிறகு வரப்போகிற அந்த மறுகாவை நினைத்துத்தான் ஸம்ஸியாவுக்கு நித்திரை வரவில்லை. கலியாணம் முடிந்து கொஞ்ச நாளில் பழம் கருகி, கார் கத்தத் தொடங்கும். வாப்பா பின்வளவில் குறட்டை விடுவார். முன்வீட்டில் அந்த மனிசனுக்குச் சோறு போட்டுக்கொண்டு, உங்கட வாப்பா கள்ளன் என்ற பேச்சைச் சாகும்வரை கேட்கப்போகிறவள் அவள்தான்.

இருந்தும் அவள் வாயை மூடிக்கொண்டிருந்தாள். உம்மா சொன்னதற்காக மட்டும் இல்லை. பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் அவளை நடக்கவிட்டுப் பார்த்தார்கள், சிரிக்கச் சொல்லிப் பார்த்தார்கள், தலைமயிரைக் கையில் பிடித்துத் தூக்கிப் பார்த்தார்கள். அந்த அருவருப்போடு அறைக்குள் வந்து நின்றபோதுதான், வெளியே சீதனப் பேச்சு நடக்கையில் முனாப் சொன்னது காதில் விழுந்தது. "கார் எல்லாம் என்னத்துக்கு மாமா? எனக்குச் சைக்கிள் இரிக்கிதானே." அந்த ஒரு சொல்லை அவள் மூன்று மாதமாக நெஞ்சுக்குள் வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள். ஊரெல்லாம் சந்தையாய் நாறினாலும் இவன் ஒருத்தன் மனிசன் என்று நினைத்திருந்தாள். அவனை அவளுக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலையில் முனாபும் ஷரிபுதீனும் கார் பார்க்க வந்தார்கள். சூறாவளியில் தென்னை விழுந்து நெளிந்த காரின் கூரையை வாப்பா தட்டி நிமிர்த்தி, புதுப் பச்சைச் சாயம் அடித்து வைத்திருந்தார். சாயத்துக்குள் இரண்டு ஈ செத்து ஒட்டிக் கிடந்தன. அதை ஒருவரும் காணவில்லை.

இருவரும் வாப்பாவோடு காரில் ஏறிப் பெரியநீலாவணைப் பக்கம் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தார்கள். ஸம்ஸியா முன்னறை யன்னல் சீலைக்குப் பின்னால் நின்றாள்.

"சத்தமே இல்ல. பஞ்சு மாதிரி ஓடுது," என்றார் ஷரிபுதீன், இறங்கும்போதே.

"என்ட சாமான் காக்கா. பொம்புளப் புள்ளைக்குக் குடுக்கிறதுல கள்ளம் வைப்பனா?" என்றார் வாப்பா. மூத்தவரான ஷரிபுதீனை அண்ணன் முறையில் காக்கா என்று அழைத்து, நெஞ்சில் கை வைத்துத்தான் சொன்னார். ஸம்ஸியா சீலையை விட்டுவிட்டுத் தன் விரல்களை முகர்ந்து பார்த்தாள்.

முனாப் மட்டும் கை மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். "மாமா, ஒரு விசயம். மீற்றர் நாப்பது மைல் காட்டுது. நாப்பதுல போனா ஒரு மைல் கல்லுக்கு ஒண்டரை நிமிசம். நான் பாத்தன், கிட்டத்தட்ட ரெண்டு நிமிசம் எடுக்குது. எஞ்சின் கிடந்து கத்துது, கார் போகுதில்ல."

"மீற்றர் பழசு மருமகன்," என்றார் வாப்பா.

"மீற்றர் பழுதில்ல. டிப்ரன்சியல் வேற எண்டா இப்பிடித்தான் காட்டும். இந்த மாடலுக்கு நாலேகால் வரோணும். எண்ணிப் பாப்பம்."

எண்ணிப் பாப்பம் என்று சொன்னபோது அவன் முகத்தில் வந்த சந்தோசத்தைத்தான் ஸம்ஸியாவால் பொறுக்க முடியவில்லை. சைக்கிள் போதும் என்ற வாய்தானா அது என்று உற்றுப் பார்த்தாள். அதே வாய்தான்.

அவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு ஒரு சாக்கை விரித்துக் காருக்கு அடியில் போனான். முன் சில்லுகளுக்குக் கல்லு வைத்து, கியரை எடுத்துவிட்டு, பின் சில்லு ஒன்றை மட்டும் ஜக்குப் போட்டுத் தூக்கினார்கள். மற்றது நிலத்தில் நின்றது. தூக்கிய சில்லில் சோக்கால் ஒரு கோடு, காரின் அடியில் நீட்டுக்கு ஓடுகிற சாப்டில் ஒரு கோடு. சில்லை முழுசாய் இரண்டு தரம் சுற்ற வேண்டும். அதற்குள் சாப்ட் எத்தனை சுற்றுச் சுற்றுகிறதோ அதுதான் டிப்ரன்சியலின் கணக்கு.

ஷரிபுதீன் சில்லைப் பிடித்து மெதுவாகச் சுற்றினார். அடியிலிருந்து முனாப் பள்ளிக்கூடத்துக் குரலில் எண்ணினான். "ஒண்டு."

வெறுப்பு ஒரு பக்கம் கிடக்க, ஸம்ஸியாவும் சேர்ந்து எண்ணினாள். அவளுக்கு வேறென்ன வழி? காவினுக்குச் சொல்லி முடிந்தாயிற்று, சேலை எடுத்தாயிற்று. நாலேகாலில் நின்றுவிடு என்று அந்த இரும்பைப் பார்த்துக் கெஞ்சினாள்.

"ரெண்டு... மூணு... நாலு." சில்லுக் கோடு இன்னும் மேலேதான் நின்றது. "சுத்துங்க மாமா, இன்னும் வரல்ல. அஞ்சு." அதற்குப் பிறகும் கொஞ்சம் போய்த்தான் நின்றது. "அஞ்சும் மூணுல ஒண்டும். இது ஆதியில வந்த சின்ன எஞ்சின் காருட சாமான். இந்தக் காருட இல்ல."

பக்கத்துத் தறிக் கொட்டிலின் சத்தம் மட்டும் கேட்டது. வாப்பாவின் முகம் இப்போது கறுக்கும், தலை குனியும், அந்தக் காட்சியை எப்படிப் பார்ப்பது என்று ஸம்ஸியா பயந்தாள்.

வாப்பா தாடியைத் தடவினார். "அது மலை ஏறத்துக்கு நல்ல இழுவை காக்கா," என்றார்.

மருதமுனையில் மலை எங்கே இருக்கிறது? கடல் இருக்கிறது, வயல் இருக்கிறது, நடுவில் மணல். வெட்கம் என்ற ஒன்று அந்த மனிதரிடம் எந்த மூலையிலும் இல்லை என்று அவளுக்கு அந்த நிமிசம் விளங்கியது.

அதைவிட ஷரிபுதீன் கோபப்படாததுதான் விளங்கவில்லை. அவர் கதிரையை இழுத்துப் போட்டு, காலுக்கு மேல் கால் போட்டு, தேத்தண்ணி கேட்டார். "பிழை நடக்கிறதுதான் தம்பி. மனிசன்தானே. உங்கட இறக்காமத்து வயல் வட்டையில ரெண்டு ஏக்கர் கூட்டி எழுதுங்க, முடிஞ்சுது."

"ஒரு ஏக்கர் தாறன். காட்டுப் பக்கத்துல."

"ஆனை திங்கிற காணியா? மடைக்குப் பக்கத்துல தாங்க."

இரண்டு பேரும் சிரித்தார்கள். கள்ளத்தைப் பிடித்தவனும் பிடிபட்டவனும் தேத்தண்ணியோடு வந்த ஒரே தட்டில் தொதல் இனிப்பைக் கிள்ளித் தின்றார்கள்.

முனாப் கையெல்லாம் கறுப்போடு கிணற்றடிக்கு வந்தான். முன்னறையின் பக்க யன்னல் கிணற்றடியைப் பார்த்துத்தான் இருந்தது. உள்ளே ஆள் நிற்பது தெரிந்து, "கொஞ்சம் சவுக்காரம் தாங்க," என்றான். அவள் யன்னலால் நீட்டினாள். வாழ்க்கையில் முதல் தரம் அவனோடு கதைக்கிறாள்.

"அண்டைக்குக் கார் என்னத்துக்கு எண்டு கேட்டீங்களே?"

முனாப் நுரையைக் கையில் தேய்த்தபடி சிரித்தான், இனி உனக்குச் சொன்னால் என்ன என்கிற மாதிரி. "அது மாமா சொல்லித் தந்தது. மாப்புள வேணாம் எண்டாத்தானே பொம்புள வீட்டார் ரோசத்துல கூட்டித் தருவாங்க. வாப்பாக்குச் சொல்லிராதீங்க."

மூன்று மாதமாகத் தடவி வைத்திருந்த சொல் அது. உள்ளே புழு நெளிகிற பழத்தைக் கடித்தது போல இருந்தது. அழுகை வரவில்லை. துப்ப வேண்டும் போலத்தான் வந்தது.

"டிப்ரன்சியலுக்கு அடியில ஒயில் இறக்குற மூடி ஒண்டு இரிக்கி," என்றாள் அவள். "அதையும் கழட்டிப் பாருங்க."

சொல்லிவிட்டாள். வாப்பாவின் மானம் போகட்டும், இவன் கோபித்துக்கொண்டு போகட்டும், கலியாணம் குழம்பட்டும். அதற்குப் பிறகு ஒருவராவது வெட்கப்பட்டால் போதும் என்றிருந்தது.

முனாப் உற்சாகமாய் மறுபடி சாக்கில் படுத்தான். வாப்பா தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு எழும்பி, "அங்க ஒண்டுமில்ல மருமகன், ஒயில் பழுதாகும்," என்று ஓடி வந்தார். அதற்குள் சாவி போட்டுத் திருப்பியாயிற்று. முதலில் ஒன்றும் வரவில்லை. முனாப் விரலை விட்டுக் கிண்டினான். அடைத்துக் கிடந்தது தளர்ந்து, பொத்தென்று அவன் கன்னத்திலும் வெள்ளைச் சட்டையிலும் விழுந்தது. ஒரு கிழமை இரும்புச் சூட்டில் ஒயிலோடு வெந்த கதலிப்பழம். கறுத்து, கூழாகி, மரத்தூளோடு நூல் நூலாய் இழுபட்டது. அந்த நாற்றம் யன்னல் வரைக்கும் வந்தது. முனாப் வெளியே உருண்டு வந்து ஓங்காளித்தான்.

ஷரிபுதீன் வந்து குனிந்து, குச்சியால் அதைக் கிளறிப் பார்த்தார். லொறிக்காரருக்கு விசயம் உடனே பிடிபட்டது. "வாழப்பழம்," என்றார். வாப்பாவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் ஒரு மரியாதைகூட இருந்தது. "கெட்டிக்காரன்தான் தம்பி நீங்க. அப்ப ரெண்டு ஏக்கர் ஏலா. மூணு."

"ரெண்டரை," என்றார் வாப்பா.

முனாப் சட்டை நுனியால் கன்னத்தைத் துடைத்தான். இன்னும் ஓங்காளம் அடங்கவில்லை, கண்ணில் தண்ணீர் நின்றது. "மூணுக்குக் குறைய விடாதீங்க மாமா," என்றான்.

ஸம்ஸியா முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். மாப்பிள்ளை வீட்டார் இருக்கையில் பெண் முற்றத்துக்கு வருவது அங்கே நடக்காத காரியம். குசினியிலிருந்து உம்மா, "மகள்," என்று கூப்பிட்டது கேட்டது. ஷரிபுதீன் குச்சியோடு நிமிர்ந்தார்.

"வாப்பா, இந்த வளவு ஆருட பேரில இரிக்கி?"

"உங்கட பேரிலதானே மகள். என்ன கேள்வி இது? உள்ளுக்குப் போங்க."

"கடப்படி வரைக்கும் என்ட பேரிலயா?"

"ஓம்."

"அப்ப இந்தக் காரைக் கடப்புக்கு வெளிய எடுங்க. வந்தவங்களும் எழும்பட்டும். எனக்கு இந்தக் காவினில சம்மதம் இல்ல."

ஷரிபுதீன் சிரிக்கப் பார்த்தார். "காவினுக்குப் பொம்புள வாயத் திறக்கத் தேவயில்ல புள்ள. பேசாம இருந்தாலே சம்மதம்தான்."

"அதுதான் பேசுறன்."

"ஆணுங்க கதைக்கிற இடத்துல உங்களுக்கு என்ன அதிகாரம்?"

"நீங்க தந்ததுதான். காவினுக்கு முன்னால எழுதிக் காட்டச் சொல்லி நிண்டது நீங்கதானே. எழுதியாச்சு. என்ட வளவுக்குள்ள எனக்கு இந்த நாத்தம் வேணா."

ஷரிபுதீன் வாப்பாவைப் பார்த்தார், வாப்பா முனாபைப் பார்த்தார். முனாப் நிலத்தில் கிடந்த கூழைப் பார்த்துக்கொண்டு நின்றான். கணக்கு வாத்தியாருக்கு இந்தக் கணக்கு வரவில்லை. தறிச் சத்தம் நின்று, நெசவுக்காரர்கள் இரண்டு மூன்று பேர் வேலியோரம் வந்துவிட்டார்கள்.

"மகள், ஊர் பாக்குது," என்றார் வாப்பா, தணிந்த குரலில்.

"பாக்கட்டும்."

ஒயில் வடிந்த டிப்ரன்சியலோடு காரை ஓட்டினால் பல்லு அரைபட்டுத் தூளாகும். அது மூன்று பேருக்கும் தெரியும். தள்ளத்தான் வேண்டும். ஷரிபுதீன் ஜக்கை இறக்கினார். வாப்பா ஒரு கதவோரம், ஷரிபுதீன் மற்றக் கதவோரம், முனாப் பின்னால். மருதமுனை மணலில் சில்லு புதைந்து புதைந்து எழும்பியது. தள்ளுங்க காக்கா, பிடியுங்க மருமகன் என்று மூச்சு வாங்கினார் வாப்பா. அந்த ஒத்துமையைப் பார்க்க மாட்டாமல் ஸம்ஸியா முகத்தைத் திருப்பினாள். தேய்ந்த பல்லு உள்ளே மெதுவாக ஊளையிடத் தொடங்கியது. வேலியோரம் நின்ற ஒருவர், "என்ன முதலாளி, கார் அழுகுது," என்றார். வாப்பா கதவில் தோளை முட்டுக் கொடுத்துத் தள்ளினார்.

கார் தெருவுக்குப் போனதும் ஸம்ஸியா கடப்புத் தடிகளை ஒவ்வொன்றாய் இழுத்துப் போட்டு வாசலை அடைத்தாள். வாப்பா வெளியே காரோடு நின்றார். அவருக்குப் பின்வளவால் வரப் பாதை இருந்தது. மற்ற இரண்டு பேருக்கும் இல்லை.

முற்றத்தில் கிடந்த கறுப்புக் கூழுக்குக் கோழிகள் வந்துவிட்டன. அவள் விரட்டினாள். இரண்டு காலாலும் மணலைத் தள்ளி மூடினாள். மூடிய பிறகும் மணம் வந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளினாள்.

உம்மா குசினி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதாள். "இனி ஆர் மகள் உங்களக் கேட்டு வருவாங்க?"

ஸம்ஸியா கிணற்றடிக்குப் போனாள். முனாப் வைத்துவிட்டுப் போன சவுக்காரம் கல்லில் கிடந்தது, அவன் விரல் அடையாளம் ஒயிலோடு அதில் பதிந்திருந்தது. இரண்டு விரலால் தூக்கி, கடப்புக்கு மேலால் தெருவுக்கு எறிந்தாள்.

"வாறவங்க வரட்டும் உம்மா," என்றாள். "முதல்ல புதுச் சவுக்காரம் ஒண்டு தாங்க. கை நாறுது."